சம்பாவுக்கு மட்டும் வந்த திருடன்

என் மீசைக்கார நைனாவுக்கு,

கடிதம் எழுதினால் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். உன்னிடம் அதை எப்படி விசாரிப்பது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு உனக்கு முதல் திதி. அதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

இந்தக் கடிதத்தை எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் சேர்க்கப்போகிறார்கள். பூந்தமல்லிப் பையன்கள் அத்தனை பேரும் கைமாற்றிப் படிப்பார்கள். ஆகையால் வேட்டியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு கௌரவமாக உட்கார்ந்து கேள்.

கேள்வி இதுதான்: முனுசாமி மாமா நாளைக்கு நம் வாசலை மிதிக்கலாமா?

பார், அதற்குள் மீசை துடிக்கிறது! அம்மாவைக் கேட்டால், "வாசலு உங்க நைனாவுது. அவரையே கேளு" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அவளுக்கு உன்னைக் கேட்கும் வழி தெரியாது. எனக்கு எழுதத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதிக் கதை உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ நடுவில் பேசாதே.

முனுசாமி மாமா அம்மாவோடு கூடப்பிறந்த அண்ணன். நம் ஊர் சென்னீர்குப்பத்தில் ஏரிக்கால்வாய் முதலில் அவர் கழனியைத் தொட்டுவிட்டுத்தான் நம் கழனிக்கு வரும். அவர் தெற்கே, நாம் வடக்கே. நடுவில் ஒரு வரப்பு. அவர் வீடு அவர் கழனிக்குள்ளேயே இருப்பதால், நம் கழனியில் நின்றால் அவர் வீட்டு அடுப்புப் புகைகூடத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏரியில் தண்ணீர் குறைந்தபோது, மாமா ராத்திரியில் மடையை அடைக்கிறார் என்று நீ சொன்னாய். இல்லை என்று அவர் சொன்னார். வார்த்தை ஏறியது. "இனிமே உன் மூஞ்சிய நான் பாக்கவே கூடாது" என்று நீ கத்தினாய். மற்றவர்கள் கத்திவிட்டுப் போவார்கள். நீ மறுநாளே அந்த வரப்பு நெடுகச் சவுக்கங்கன்று கொண்டுவந்து நெருக்கி நட்டுவிட்டாய்.

அதற்கு முந்தின வாரம்தான் நம் கோடாலியை மாமா இரவல் வாங்கிப் போயிருந்தார். அது அங்கேயே தங்கிவிட்டது. "திருட்டுப் பய, தண்ணியும் போச்சு, கோடாலியும் போச்சு" என்பாய். நினைவிருக்கிறதா?

சவுக்கு ஆள் உயரம் தாண்டிய வருஷத்திலிருந்து நம் கழனியின் தெற்கு ஓரம் கெட்டுப்போனது. கோடைப் பட்டமான சொர்ணவாரியில் அந்த ஓரம் மற்ற இடம் போலத்தான் விளையும். மழைக்காலச் சம்பாவில் மட்டும் பயிர் வெளிறி, பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டாமல், ஒல்லிக் குச்சியாக நிற்கும். கதிர் வந்தால் பாதி பதர். நீ ஒரு பிடி பதரை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பறக்கவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பாத்தியாடா? மரத்துக்கு அந்தாண்ட மறைஞ்சு நின்னுகினு இன்னும் மடைய அடைக்கிறான். கோடையில தண்ணி அளந்து வுடறாங்க, அப்ப வாலாட்ட முடியாது. அதான் சம்பாவுக்கு மட்டும் வர்றான் திருடன்!"

நானும் தலையாட்டினேன். ஊரும் தலையாட்டியது. உன் வாதத்தில் அப்போது ஓட்டை தெரியவில்லை.

நைனா, உனக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டாம் என்றால் உன் குரல் வானகரம் வரை கேட்கும். சரி என்றால் சத்தமே வராது. மீசையை ஒரு தடவை தடவிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவாய். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அப்படித்தான். அம்மா மூணு நாள் கேட்டாள், நீ மூணு நாளும் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் சிலேட்டு வந்தது.

மாமா விஷயத்தில் மட்டும் நீ கடைசிவரை சத்தம் போட்டாய். போன மாசியில் விஷக்காய்ச்சல் உன்னைப் படுக்கையில் தள்ளியபோது, தண்ணீர் கேட்கவே தெம்பில்லாத நீ இதை மட்டும் தெளிவாகச் சொன்னாய்: "முனுசாமி இந்த வாசல மிதிக்கக் கூடாது. மிதிச்சா நான் படையலுக்கு வரமாட்டேன்." அம்மா நடுங்கிப்போனாள். இன்றுவரை அந்த நடுக்கம் போகவில்லை. நாளைக்கு மாமா உள்ளே வந்து, நீ வராமல் போய்விட்டால்?

மறுநாள் காலையில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன்னால், நான் வைக்கோல் பிரிக்குத் தார் பூசிக் கழனியில் போட்டு, "பாம்பு! பாம்பு!" என்று கத்தியதைச் சொல்ல வேண்டும். நீ சேற்றில் தாவி, அந்தப் பிரியைத் தடியால் முப்பது அடி அடித்தாய். பிறகு என் காதைப் பிடித்துக்கொண்டு, "நீ செத்துட்டன்னு யாராவது வந்து சொன்னாக்கூட மூக்குல பஞ்சு வெச்சுப் பாத்துட்டுத்தாண்டா நம்புவேன்" என்றாய்.

அன்று காலை அம்மா என்னை உலுக்கி, "நைனா பேசமாட்றாருடா, நீ எயுப்பிப் பாரு" என்றாள். நான் சிரித்தேன், நைனா. பழிக்குப் பழி வாங்குகிறாய் என்று நினைத்தேன். விளக்குத்திரியில் கொஞ்சம் பஞ்சு பிய்த்து உன் மூக்கருகே வைத்தேன். இப்போது அசையும், கண்ணைத் திறந்து "மாட்னியா?" என்று கேட்பாய் என்று நெடுநேரம் வைத்துக்கொண்டே இருந்தேன். கை மரத்துப்போனது.

சரி, அதை விடு.

பதினாறாம் நாள் கருமாதியில் எனக்கு உருமா கட்ட வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் புது வேட்டியைத் தலைப்பாகையாகக் கட்டுவது நம் வழக்கம். 'இனி நான் இருக்கிறேன்' என்று சபையில் சொல்வதற்குச் சமம். மாமா கோடி வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு தெருவில் வந்து நின்றார். வாசலுக்கு வெளியேதான் நின்றார். அம்மா உள்ளே நின்றாள். 'உள்ளே வா' என்று ஒருவரும் கூப்பிடவில்லை. வானகரத்திலிருந்து வந்த யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் எனக்கு உருமா கட்டினார். அது கண்ணுக்கு மேல் நழுவி விழுந்துவிட்டது. அதைத் தூக்கிப் பார்ப்பதற்குள் தெருவில் மாமா இல்லை.

இனிமேல் உனக்குத் தெரியாத பாதி.

ஆவணி மாதம் சயன்ஸ் வாத்தியார் ஒரு செம்பருத்தித் தொட்டியை இரண்டு நாள் இருட்டறையில் வைத்தார். பிறகு ஒரு இலையைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, காகிதத்தில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டு வெயிலில் வைத்தார். வாத்தியார் பேசத் தொடங்கும் முன் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்வார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் கொசு. நானும் என் கூட்டாளி தேசிங்கும் என்ன செய்தோம் தெரியுமா? வட்டக் காகிதத்தைக் கழற்றிவிட்டு, பிளேடால் 'கொசு' என்று எழுத்து வெட்டிய வேறு காகிதத்தை மாட்டிவிட்டோம்.

மறுநாள் வாத்தியார் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உருவிப் போட்டார். இலையில் ஒன்றும் தெரியவில்லை, பச்சையாகத்தான் இருந்தது. அதை வெந்நீரில் வாட்டி, ஸ்பிரிட்டில் வேகவைத்துப் பச்சை நிறத்தை இறக்கினார். இலை வெளுத்த துணி மாதிரி ஆயிற்று. அதன் மேல் அயோடினைச் சொட்டவிட்டார். மாவு இருக்கும் இடம் கருநீலமாகும் என்று சொல்லி எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

மெல்ல மெல்ல, எழுத்து எழுத்தாக எழும்பி வந்தது, நைனா! முன்பெஞ்சில் ஒரு அப்பாவி, படிக்கச் சொன்னதாக நினைத்துக்கொண்டு உரக்கப் படித்தான்: "கொ... சு..."

வாத்தியார் இலையைத் தன் பக்கம் திருப்பினார்.

"யாருடைய கைவண்ணம்?" என்றார்.

நான் எழுந்தேன். ஆறு பிரம்படி. ஆறையும் கொடுத்து முடித்துவிட்டு இலையை உற்றுப் பார்த்தார். "கொம்பு ஏண்டா இவ்வளவு கோணல்? எழுத்து வராதவனுக்கெல்லாம் குறும்பு எதற்கு?" என்றார். பிறகு ரீங்காரம் போட்டுவிட்டுச் சொன்னார்: "சிரிக்காமல் பாருங்கள். வெயில் பட்ட இடத்தில்தான் இலை மாவு செய்திருக்கிறது. காகிதம் மறைத்த இடத்தில் ஒரு சிட்டிகைகூட இல்லை. பக்கத்து இடத்தில் சமையல் நடந்தாலும் நிழலில் இருப்பது பட்டினிதான்."

வேரிலிருந்து தண்ணீர், இலையிலுள்ள பொடி வாய்கள் வழியாகக் காற்று, இரண்டையும் வைத்துக்கொண்டு பச்சையம் வெயிலில் சமைக்கிறது. அதில் வருவதுதான் செடிக்குச் சாப்பாடு. இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பேர். "உனக்குச் சேர்க்கை சரியில்லைடா" என்று தேசிங்கைக் காட்டித் திட்டுவாயே! நெல்லுக்கும் அதே கதைதான். ஒளியோடு சேர்க்கை இல்லாவிட்டால் உருப்படாது.

அடிபட்ட கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஆவடிப் பக்கம் இப்போது பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை கொட்டகையாகப் போடுகிறார்கள். ஆகாய விமானம் பறந்தால் நம் சிவப்பு மாடு கயிற்றை அறுத்துக்கொள்கிறது. அன்றும் அதைத் துரத்திக்கொண்டு கழனிக்கு ஓடினேன். தெற்கு ஓரத்தில் சவுக்கு நிழல் விழுந்திருந்தது. நீளமாக, நேராக, வரப்பு நெடுக. கறுப்புக் காகிதம் ஒட்டிவிட்ட மாதிரி.

நான் நின்றுவிட்டேன். மாடு ஓடிவிட்டது.

ஆனால் நீ உடனே கேட்பாயே, "அப்போ கோடையில ஏண்டா நல்லா வெளையுது?" என்று. நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். அதனால் சம்பா நட்டதிலிருந்து, வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமைகளில் உச்சிவேளைக்குக் கழனிக்குப் போய், சவுக்கு நிழலின் நுனி விழும் இடத்தில் ஒரு குச்சி நட்டேன். முதல் குச்சி வரப்பை ஒட்டி நின்றது. அடுத்தது அதைவிட உள்ளே. ஐப்பசியில் நிழல் நன்றாக நம் கழனிக்குள் நடந்து வந்துவிட்டது. திருடனின் காலடித் தடம் மாதிரி குச்சிகள் வரிசையாக நின்றன.

தட்சிணாயனம், நைனா! ஆடியிலிருந்து சூரியன் தெற்கே போகிறான் என்பது பஞ்சாங்கம் பார்க்காதவர்களுக்கும் தெரியும். ஆடிப் பட்டமும் தை மாதப் பொங்கலும் அவன் நடையை வைத்துத்தான் வருகின்றன. சித்திரை முதல் ஆடி வரை அவன் தலைக்கு மேலேயும் கொஞ்சம் வடக்கேயும் நிற்கிறான். அப்போது உச்சிவேளையில் சவுக்கு நிழல் அதன் காலடியில் சுருண்டு கிடக்கும், இல்லை மாமா பக்கம் சாயும். மழைக்காலத்தில் தெற்கே இறங்குகிறான், நிழல் நம் பயிர் மேல் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. சூரியன் தெற்கே போவது நமக்குத் தெரியும். நிழல் வடக்கே வருவதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். சவுக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. நாலு வருஷமாக என்னோடு பேசாத குரல்.

"இன்னாடா பண்ணினு கீற அங்க?"

"திருடனப் புடிச்சினு கீறேன்."

"என்னியா?"

"உன்ன இல்ல மாமா. சூரியன."

"போடா கய்தே. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சுடுவா" என்றார். ஆனால் போகவில்லை. அவர் கால் அங்கேயே நிற்பது மரத்தடியில் தெரிந்தது.

குச்சி மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? 'பாம்பு' என்று கத்தின வாய் இது. அதனால் வாயே இல்லாத மூன்று சாட்சிகளைத் தயார் பண்ணினேன். ஒரே அளவுச் சட்டி மூன்று. ஒரே நாற்றங்காலிலிருந்து எடுத்த நாற்று. ஒவ்வொன்றுக்கும் நானே கொட்டாங்கச்சியில் அளந்து ஊற்றும் தண்ணீர். மாமாவின் மடைக்கு இதில் வேலையே இல்லை.

முதல் சட்டிக்கு ராஜா என்று பேர். நடுக்கழனியின் நல்ல மண், நல்ல வெயில். இரண்டாவது கைதி. அதே நல்ல மண், ஆனால் சவுக்கு நிழலில் சிறை. மூன்றாவது சட்டியில் கெட்டுப்போன தெற்கு ஓரத்து மண்ணை அள்ளிப்போட்டு வெயிலில் வைத்தேன். அதற்கு அனாதை என்று பேர். மண்ணில் செய்வினை இருந்தாலும், சவுக்கு வேர் சத்தை உறிஞ்சிவிட்டிருந்தாலும், அனாதை தேறக் கூடாது. பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

அம்மா தினமும் பார்த்தாள். "இன்னிக்கு எந்தச் சட்டியிலடா பாம்பு?" என்பாள்.

கார்த்திகை பிறந்தது. மூன்று சட்டிகளையும் வாசலில் கொண்டுவந்து வைத்தேன். ராஜா தூர் தூராக வெடித்து, சட்டி தெரியாமல் நின்றான். அனாதையும் அவனுக்குச் சளைக்கவில்லை. கைதி மட்டும் உயரமாக, வெளிறி, வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாக எம்பிச் சாய்ந்திருந்தான். தூர் இரண்டே இரண்டு.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனை வருஷ நடவு அந்தக் கை! கைதியின் தூரை விரலால் நெருடினாள். தெற்கு ஓரத்தில் களை எடுக்கும்போது விரலுக்குப் படும் அதே தூர். அனாதையின் மண்ணைக் கிள்ளி முகர்ந்தாள்.

"இது நம்ம ஓரத்து மண்ணா?"

"ஆமாம்மா."

"பொய் சொன்னா இன்னிக்குச் சோறு இல்ல."

"நீயே வந்து பாரு."

உச்சிவேளையில் வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழனியில் இறங்கினாள். குச்சிகளுக்கு அந்தப் பக்கம் நின்றாள், இந்தப் பக்கம் நின்றாள். மறுபடியும் அந்தப் பக்கம் போனாள். குச்சியையோ நிழலையோ அவள் பார்க்கவில்லை. சேற்றுக்குள் இருந்த தன் காலைத்தான் பார்த்தாள்.

"இங்க சேறு வெதுவெதுன்னு கீது. அங்க ஜில்லுனு கீது" என்றாள். அப்புறம் சட்டென்று முகம் மாறியது. "ஐயோ... களை எடுக்க வர்ற பொம்பளைங்க அத்தினி பேரும் வெத்தல போடறதுக்கு இந்த ஓரத்துலதான்டா வந்து நிப்போம். சில்லுனு கீதுன்னு. வருசக் கணக்கா! ஒருத்திக்காவது தோணிச்சா? அந்தக் குளுமைக்குப் பயிரு பட்டினி கெடந்திச்சுன்னு?"

அவள் சவுக்கு மரங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு கன்றையும் நீ குனிந்து நட்டதை அவள் பார்த்திருக்கிறாள். நீ போன பிறகு அந்த மரங்களில் ஒரு கிளையைக்கூட யாரையும் ஒடிக்கவிட்டதில்லை. விறகுக்காரனைத் துரத்தியிருக்கிறாள்.

"உங்க நைனா கையால வெச்ச மரம்டா" என்றாள்.

நான் குனிந்து கடைசிக் குச்சியை நேராக்கினேன்.

"அவரு பாடுபட்ட நெலம்தானே இதுவும்" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகி, மரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்து, நாலு வருஷத்து மௌனத்தை ஒரே மூச்சில் உடைத்தாள்:

"அண்ணாத்தே! எங்கூட்டுக் கோடாலிய எட்தாந்து குடு!"

மாமா ஓடி வந்தார், நைனா. ஐம்பது வயது ஆள் வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தார். கோடாலிக்குப் புதுக் காம்பு போட்டிருந்தது. முனையில் எண்ணெய் தடவி வைத்திருந்தார். ஒரு நாளும் துருப்பிடிக்க விடவில்லையாம். வரப்பு ஓரத்தில் வந்ததும் தயங்கி நின்றார்.

"நான் இந்தாண்ட வர்லாமா?"

"அவரு வாசலத்தான் மிதிக்கக் கூடாதுன்னாரு. வயக்காட்டச் சொல்லல" என்றாள் அம்மா. நான் யாரிடமிருந்து வாய் வாங்கினேன் என்று எல்லோரும் கேட்கிறார்களே, இதோ!

முதல் வெட்டு நான் போட்டேன். உன் மரம், அதனால் என் கை. நாலைந்து மரம் சாய்ந்ததும் வெயில் தபதபவென்று பயிர் மேல் கொட்டியது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. மாமா வீட்டுக் கொல்லையில் அத்தை ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றிருந்தாள். நீ முகத்தை மறைக்க மரம் வைத்தாய், நைனா. அது வெயிலையும் மறைத்தது. வெயிலுக்காக வெட்டினோம், முகமும் வந்துவிட்டது.

"இன்னாம்மே, இப்டி எளைச்சுட்ட?" என்று அத்தை அங்கிருந்தே கத்தினாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிளைகளை அள்ளுவதில் மும்முரமாகிவிட்டாள்.

வேலை முடிந்து சாய்ந்த மரத்தின் மேல் குந்தியிருந்தபோது மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்ளே, ஒண்ணு சொல்றேன். உங்கம்மாகிட்ட சொல்லிடாத. அந்த மொத வருசம்... ஒரு தபா மடைய அடைச்சேன்டா. நாத்து காஞ்சிகினு இருந்திச்சு."

"அப்பால?"

"அப்பால சத்தியமா இல்ல. உங்க நைனா கத்துன கத்துல, எனக்கும் வீம்பு வந்துட்ச்சு. ஆமாண்டா ஒரு தபா அடைச்சேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

ஆக, நீ கால்வாசி சரி. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அம்மாவிடம் அன்று சாயந்திரமே சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்று அடுப்பை ஊதினாள். பத்திரிகையில் போடலாமா என்று மாமாவைக் கேட்டேன். "போடு. ஆனா 'ஒரு தபா'ன்னு கொட்ட எயுத்துல போடு" என்றார். போட்டுவிட்டேன், மாமா.

இப்போது அறுப்பு முடிந்துவிட்டது. பொய் சொல்லாமல் சொல்கிறேன். தெற்கு ஓரம் இன்னும் நடுக்கழனிக்குச் சமமாகவில்லை. தூர் கட்டும் மாதங்களை நிழலில் கழித்துவிட்டதே, கதிர் குறைச்சல்தான். ஆனால் கதிர் வெளிவரும் முன் கடைசியாக வரும் கண்ணாடி இலைக்கு முழு வெயிலும் கிடைத்துவிட்டது. கதிருக்குப் பக்கத்திலேயே நின்று மணிக்குப் பால் ஊட்டுவது பெரும்பாலும் அந்த இலைதான். அதனால் வந்த கதிர் எல்லாம் தலை குனிந்து நின்றது. நீ செய்த மாதிரியே ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதினேன். ஏதோ இரண்டு பறந்தன. மற்றவை கனத்துக்கொண்டு என் கையிலேயே கிடந்தன.

அந்த ஓரத்து நெல்லை மட்டும் தனியாக அடித்து, தனியாகக் குத்தி வைத்திருக்கிறாள் அம்மா. அவள் இப்போது புடைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். நாளைக்கு உன் படையலுக்கு அதுதான் சோறு.

இனி கேள்விக்கு வா. மாமா திருடுகிறார் என்றுதான் அவர் நம் வாசலை மிதிக்கக் கூடாது என்றாய். சம்பாவுக்கு மட்டும் வந்த திருடன் நீ நட்ட மரத்தின் நிழல் என்று இப்போது தெரிந்துவிட்டது. நான் காட்டியது பொய் என்றால் சொல். நீ போட்ட தடை இன்னும் இருக்கிறது என்றால் சொல். வானகரம் வரை கேட்கும்படி ஒரு சத்தம் போடு. அம்மா கேட்கட்டும், மாமா கேட்கட்டும்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கழனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், நைனா. வெட்டின சவுக்குக் கட்டைகள் மேல் வெயில் காய்கிறது. முறத்தில் அரிசி சலசலக்கிறது. வேறு சத்தம் இல்லை.

நீ பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நாளைக் காலை நானே போய் மாமாவின் கையைப் பிடித்து வாசல் வழியாக அழைத்து வருவேன். ஒரு வருஷமாக அவர் பெட்டியில் மடிந்து கிடக்கும் அந்தக் கோடி வேட்டியால் எனக்கு உருமா கட்டுவார், இந்தத் தடவை அது கண்ணுக்கு மேல் நழுவாது. அந்தத் தெற்கு வரப்பில் என் முழங்காலுக்கு மேல் வளரும் எதையும் நான் நட மாட்டேன். யாரோடு சண்டை வந்தாலும் முகத்தைப் பார்த்தே போட்டுக்கொள்கிறேன். இது சத்தியம், விளையாட்டு இல்லை. வேண்டுமானால் மூக்கில் பஞ்சு வைத்துப் பார்த்துக்கொள்.

சோறு சூடாக இருக்கும். நேரத்துக்கு வந்துவிடு.

நாளைக்கு உருமா கட்டிக்கொள்ளப்போகிற,
உன் ஒரே பிள்ளை, முனுசாமி மாமாவின் மருமகன்,
ஏகாம்பரம்